விளிம்பில் ஒரு பெயர்

மெடல்காரர் கண்ணாடிப் பெட்டியின் திரையை விலக்கியதும், நூலக மண்டபத்திலேயே பலமாகக் கைதட்டியது அவள்தான். பக்கத்தில் இருந்த புருஷனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பைத்தியமா உனக்கு? உங்க அப்பாவை ஏமாத்திப் பிடுங்கின மெடலுக்கு நீயே கை தட்டுறே!"

"பொறுங்க. போன வாரம்தான் தாத்தா டிரங்குல கெடச்சுது, அந்த மெடலோட பெட்டி. என் பையில இருக்கு."

அவளுடைய அப்பா இதே நூலகத்தில் கடைநிலை ஊழியராக இருந்தவர். தாத்தா செத்த பிறகுதான் அந்த மெடல் வெளியே வந்தது. சக்கரவர்த்தி காலத்து வெள்ளி. தாத்தா அதைச் சுவரிலும் மாட்டவில்லை, பெற்ற பிள்ளைக்கும் காட்டவில்லை. பழைய மெடல்கள் சேர்க்கிறவர், விவரம் தெரிந்தவராயிற்றே என்று அப்பா அதை மெடல்காரரிடம் கொண்டுபோனார்.

"பார்த்துட்டுத் தர்றேன்" என்று வாங்கிக்கொண்டவர், திருப்பிக் கேட்டபோது போலீசைக் கூப்பிட்டார். "எங்க பரம்பரைச் சொத்தைத் திருடப் பார்க்கிறான்" என்றார். மூன்று நாள் லாக்கப், வேலையும் போயிற்று. திருடன் என்ற பட்டத்தோடுதான் அப்பா கண்ணை மூடினார். அதற்கும் பத்து வருஷமாகிவிட்டது.

இன்றைக்கு நூலகத்தின் புது மண்டபத்துக்கு மெடல்காரரின் தாத்தா பெயரை வைப்பதாகப் பேச்சு.

"மெடல் சேர்க்கிறவன் முதல்ல விளிம்பைத்தான் பார்ப்பான்" என்றார் அவர் மைக்கில். "இதோ, எண் நானூத்திப் பதினேழு. பக்கத்துல எங்க தாத்தா பேரு. காலரா சமயத்துல ஊரைக் காப்பாத்தினதுக்குச் சக்கரவர்த்தி கொடுத்தது!"

எண் பழையது. பெயரோ, போன மாதம்தான் பொறித்தது. அப்பா கொடுத்தபோது விளிம்பில் எண்ணைத் தவிர ஒன்றுமே கிடையாது. பெயரில்லாத மெடலைக் கேட்பாரற்ற மாடு என்று நினைத்துவிட்டார் மெடல்காரர்.

மேடையில் தலைமை வகித்தவர் துறைமுகச் சங்கத் தலைவர். வேலைநிறுத்தம் செய்து, சக்கரவர்த்தியின் சிப்பாய்களால் சுடப்பட்ட பதினோரு பேருக்கு நூலக வாசலில் ஒரு கல் உண்டு. அதில் முதல் பெயர் அவருடைய அப்பாவுடையது. கூட்டத்தில் பாதிப் பேர் மற்றப் பத்துக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள்.

அவள் எழுந்து மேடைக்குப் போனாள்.

"ஐயா, இந்தப் பெட்டி பழைய சாமான்ல கெடச்சுது. மேல நானூத்திப் பதினேழுன்னு போட்டிருக்கு. உரியவங்ககிட்ட சேர்க்கலாம்னு வந்தேன்."

மெடல்காரரின் கண் விரிந்தது. பெட்டியோடு சேர்ந்த மெடலுக்கு மவுசே தனி. கொடுப்பது யார் மகள் என்று கூட அவர் யோசிக்கவில்லை.

"எங்க வீட்டுப் பெட்டிதான்! ரொம்ப நாளாத் தேடிக்கிட்டிருந்தோம்!"

கீழே அவள் புருஷன் தலையில் அடித்துக்கொண்டான்.

"உள்ளே வெல்வெட்டுக்கு அடியில ஒரு காகிதம் இருக்கு. தலைவர் ஐயாவே வாசிக்கட்டும்" என்றாள்.

தலைவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்க வாசித்தார். "எண் நானூற்றுப் பதினேழு. துறைமுக வேலைநிறுத்தக்காரர் பதினோரு பேர் ஒளிந்திருந்த இடத்தைக் காட்டிக்கொடுத்த சேவைக்காக. பெற்றவர் பெயர் ரகசியம்."

பின் வரிசையில் ஒரு நாற்காலி தள்ளப்பட்டது. அப்புறம் ஒவ்வொரு வரிசையாக எழுந்தது.

"சக்கரவர்த்தியே மறைச்சு வச்ச பேரை, நீங்களே பொறிச்சுக் காட்டிட்டீங்களே" என்றார் தலைவர்.

அப்போதுதான் மெடல்காரர் அவள் முகத்தை அடையாளம் கண்டுகொண்டார்.

"ஐயோ, இது எங்க தாத்தாவோடது இல்லீங்க! இவங்க அப்பாகிட்டேருந்து நான் அபகரிச்சது! அவர் திருடலை, நான்தான் திருடினேன்! சொல்லும்மா, உங்க மெடல்னு நீயே சொல்லும்மா!"

எல்லாத் தலையும் அவள் பக்கம் திரும்பியது. அவள் காலிப் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

"அதெப்படிங்க? அது உங்க பரம்பரைச் சொத்தாச்சே!"