பாசி திரும்பும் பக்கம்

வாத்து முட்டைதான் என் பிழைப்பு. என் வாத்துகள் அத்தனையும் ஒரே வாரத்தில் ஏரியில் செத்து மிதந்தன. அண்ணன் உரக்கடை வைத்திருக்கிறான். களைக்கொல்லி டிரம்களை அந்த ஏரியில்தான் கழுவுவான். "மத்த பாசியெல்லாம் அந்த மருந்துல செத்துப்போச்சு. விஷப்பாசி மட்டும் அதையே தின்னு கொழுத்திருக்கு" என்றார் கால்நடை மருத்துவர்.

ஏரித் தண்ணீரை ஒரு பாட்டிலில் மொண்டு வந்து அண்ணனின் மேசையில் வைத்தேன்.

"வாத்துக்குப் போய் ஒப்பாரியா? கோழி வாங்கித் தரேன், போடி" என்று சிரித்தான்.

அவன் சிரிக்கும்போதே பாட்டிலில் இருந்த பச்சை முழுவதும் அவன் பக்கம் ஒதுங்கியது. பாட்டிலைத் திருப்பி வைத்தான். மறுபடியும் அவன் பக்கமே வந்தது. "வெளிச்சத்தைத் தேடுது" என்று சொல்லி நாற்காலியை இருட்டு மூலைக்கு நகர்த்தினான். பச்சையும் அந்த மூலைப் பக்கம் நகர்ந்தது.

அன்றே கடையைப் பூட்டிவிட்டு, மேற்கே இருக்கும் மச்சினன் வீட்டுக்குப் போய்விட்டான். மறுநாள் ஏரிப் பாசி மொத்தமும் மேற்குக் கரையில் தடித்துக் கிடந்தது. மற்ற இடமெல்லாம் தரை தெரியும் அளவுக்குத் தெளிவு. நான் யாரிடமும் சொல்லவில்லை. தினமும் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

இன்று காலை பாசி கிழக்குக் கரையில் இருக்கும் என் வீட்டுப் படித்துறைக்கு வந்திருந்தது. கொஞ்ச நேரத்தில் அண்ணன் போன் செய்தான்.

"கிட்ட வந்துட்டேன்டி. கோவமெல்லாம் போச்சா? தொண்டை வறண்டு கிடக்கு, தண்ணி எடுத்து வை."

"வாண்ணே" என்றேன். குடத்தோடு படித்துறையில் இறங்கி, பச்சையை விலக்காமல் மொண்டேன்.