வயலின் வாசித்தவன்

"ஷாகிர் இப்போ எங்கே இருக்கார்னு யாருக்காவது தெரியுமா?"

மனைவி நஸீஹா செல்போனில் தட்டியிருந்த அந்த வரியைப் பார்த்ததும் புராவிக்குக் குடித்துக்கொண்டிருந்த காபி கசந்தது.

மஹ்தியா ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அவளோடு ஒரே வகுப்பில் படித்தவர்கள் சேர்ந்து ஆரம்பித்த குழு. கடைசி மகள் கல்யாணமாகிப் போனதிலிருந்து நஸீஹா அதிலேயே குடியிருந்தாள்.

"யார் இந்த ஷாகிர்?"

"கூடப் படிச்சவன். ஸ்கூல் விழாவுல நான் பாடுவேன், அவன் வயலின் வாசிப்பான்."

"ஓஹோ, ஜோடி!"

"ஜோடியும் இல்லை, மண்ணும் இல்லை. அம்பத்தஞ்சு வயசுல என்ன பேச்சு இது?"

"அதைத்தான் நானும் கேட்கறேன்."

சாயங்காலமே யாரோ பதில் போட்டிருந்தார்கள். ஷாகிர் சூஸ் நகரத்தில் பல் டாக்டராம். கூடவே ஒரு போட்டோ. தலை நிறைய முடி. புராவி தன் வழுக்கையைத் தடவிக்கொண்டார்.

அதற்கப்புறம் வீட்டில் நிம்மதி போய்விட்டது. மீன் கழுவும்போது அவள் ஏதாவது முணுமுணுத்தால், "யாருக்குக் கச்சேரி?" என்பார். கண்ணாடி முன்னால் இரண்டு நிமிஷம் கூட நின்றால், "பல் ஏதும் வலிக்குதோ?" என்பார். அவருடைய பெயிண்ட் கடையில் வெள்ளை கேட்டவருக்குப் பச்சை டப்பாவைக் கட்டிக் கொடுத்து, திட்டு வாங்கினார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் குஸ்குஸ் தட்டை அவர் பக்கம் நகர்த்தியபோது நஸீஹாவுக்கே பொறுமை போய்விட்டது.

"அவன்கிட்ட நான் போய் வாழப் போறேன்னா சொன்னேன்? அந்த வயசுல நான் எப்படி இருந்தேன்னு தெரிஞ்ச ஒரு ஆளாவது இப்போ என்கிட்ட பேச மாட்டாங்களான்னு இருக்கு. பிள்ளைங்களுக்கு நான் அம்மா. உங்களுக்கு நான் சமையல்காரி. நான் பாடுவேங்கறதே யாருக்காவது ஞாபகம் இருக்கா இந்த வீட்டுல?"

புராவி தட்டைக் காலி செய்தார். 'அப்போ அவனுக்கு மட்டும் ஞாபகம் இருக்குமாக்கும்' என்று உள்ளே எரிந்தது.

திங்கட்கிழமை கடையைப் பூட்டிவிட்டு, அவளிடம் சொல்லாமல் சூஸுக்கு ரயில் ஏறினார்.

என்ன பேசுவது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தார். 'முப்பத்திரெண்டு வருஷக் குடும்பம் டாக்டர். நீங்க ஒதுங்கிக்கணும்.' முதலில் மரியாதையாக. கேட்காவிட்டால் சட்டையைப் பிடிக்க வேண்டியதுதான்.

"வாயைத் திறங்க" என்றார் டாக்டர் ஷாகிர்.

"நான் உங்ககிட்ட பேச..."

"முதல்ல திறங்க."

ஒத்திகை பார்த்த வசனமெல்லாம் தொண்டையிலேயே நின்றது. வாய்க்குள் கண்ணாடி புகுந்துவிட்டது.

"கடைவாய்ப் பல் ரெண்டு சொத்தை. எத்தனை நாளா வலி?"

"மூணு வாரமா" என்றார் புராவி, நெஞ்சைத் தொட்டபடி.

கொப்பளித்துத் துப்பிவிட்டு, மெல்ல ஆரம்பித்தார்.

"நீங்க மஹ்தியாவுல படிச்சவர்தானே? நஸீஹான்னு ஒருத்தங்க உங்க வகுப்புல..."

"நஸீஹா?" டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே யோசித்தார். "இல்லையே. அப்படி யாரும் ஞாபகம் இல்லை."

ரயிலில் புராவி வேண்டிக்கொண்டதே இதைத்தான். எழுந்து வந்திருக்கலாம். ஆனால் அவருக்குக் கோபம் தலைக்கேறியது.

"நல்லா யோசிங்க டாக்டர். பாடுவாங்க. நீங்க வயலின் வாசிப்பீங்க."

"நாற்பது பேர் பாடுவாங்க சார் அங்கே. குண்டா ஒரு பொண்ணு, அதுவா?"

"குண்டா? கொடி மாதிரி இருப்பா! கன்னத்துல மச்சம்!"

"அப்போ சல்மாவா இருக்கும்."

"நஸீஹா! ஒரு தடவை பார்த்தா மறக்கற முகமா அது? என்ன ஆளுய்யா நீ!"

வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். டாக்டர் ஒன்றும் புரியாமல் விழிக்க, புராவி மாத்திரைச் சீட்டைக்கூட வாங்காமல் வெளியேறினார்.

வீட்டுக்கு வந்தபோது நஸீஹா மிளகாய்க்குள் மசாலா அடைத்துக்கொண்டிருந்தாள்.

"கடை பூட்டியிருக்குன்னு பக்கத்துக் கடைக்காரர் போன் பண்ணார். எங்கே போனீங்க?"

"சூஸுக்கு."

அவள் கை நின்றது.

"ஐயோ! அடிதடியா?"

"இல்லை. பல்லைக் காட்டிட்டு வந்தேன்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கையைத் துடைத்தாள். மறுபடியும் துடைத்தாள். அப்புறம் அவர் முகத்தைப் பார்க்காமல், மிகச் சின்னக் குரலில் கேட்டாள்.

"என்னைப் பத்தி ஏதாவது சொன்னானா?"

உண்மையைச் சொன்னால் இன்றோடு ஷாகிர் தொல்லை ஒழிந்தது. புராவி வாயைத் திறந்தார். பரீட்சை முடிவுக்குக் காத்து நிற்கிற பெண்பிள்ளை மாதிரி அவள் நின்றாள்.

"சொன்னானாவா? வாயை மூடவே இல்லை. நஸீஹாவை எப்படி மறப்பேன்னான். கண்ணை மூடிக்கிட்டுப் பாடுவாளாம். நடுவுல ஒரு வரி மறந்தா, நாக்கைக் கடிச்சுக்கிட்டு சிரிச்சிடுவாளாம், அந்தச் சிரிப்பும் பாட்டோட சேர்ந்த மாதிரியே இருக்குமாம். ஓரத்துல வெள்ளிச் சரிகை வெச்ச ஒரு மஞ்சள் சால்வை போட்டிருப்பாளாம். அது தோள்ல நிக்காம நழுவிக்கிட்டே இருக்குமாம். இன்னிக்கும் கண்ணுக்குள்ளேயே நிக்குதாம்."

சொல்லிவிட்டுத் தன் வயிறு எரிவதைக் காட்டிக்கொள்ளாமல் செருப்பைக் கழற்றப் போனார்.

நஸீஹா மிளகாய்த் தட்டை ஓரமாகத் தள்ளி வைத்தாள். பிறகு அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏங்க... அந்த மஞ்சள் சால்வை, நிச்சயதார்த்தத்துக்கு நீங்க வாங்கிட்டு வந்தது."