எதிர் மூலை

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் அன்று கட்சியின் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க வாக்குச்சீட்டு இல்லை. பள்ளி அரங்கில் அவரவர் ஆதரிப்பவரின் மூலையில் போய் நிற்க வேண்டும். மனைவியோடு புதிதாகக் குடியுரிமை பெற்ற தணிகாசலம் ஜன்னலோர மூலையில் நின்று அவளை அழைத்தார். மங்கையர்க்கரசி எதிர் மூலைக்குப் போனாள்.

“அரசி, இந்தப் பக்கம்!”

“தெரியும்ங்க. நான் இங்கதான் நிக்கறேன்.”

ஊரில் இருந்தவரை அவர் சொன்ன சின்னத்துக்கே ஓட்டுப் போட்டவள். இன்று நகரவில்லை.

தலைகளை எண்ணினார்கள். ஜன்னலோரத்தில் விதிப்படி வேண்டிய அளவு ஆள் சேரவில்லை. அங்கிருப்பவர்கள் வேறு மூலைக்குப் போகலாம் என்றார்கள். மூன்று பக்கமிருந்தும் தணிகாசலத்தைக் கூப்பிட்டார்கள். அவர் மெதுவாக நடந்து அவளருகே வந்து நின்றார்.

“உன் ஆளு அப்படி என்னதான் சொல்றாரு?”

அவள் சொல்லத் தொடங்கினாள். அவர் குறுக்கே பேசவில்லை.