சுண்ணாம்புப் பானை

அம்மா மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். வாசலில் ஜட்கா வந்து நின்றுவிட்டது.

ஸ்ரீனிவாசராகவன் உள்ளே ஓடி வந்து பார்த்தான். போச்சு, கண்டுபிடித்துவிட்டாள்! "இந்த ஆத்துல ஆசாரம் கெட்டா, காஞ்சீபுரத்துல என் தம்பியாத்துக்குப் போயிடுவேன்" என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறாள்!

அவன்தான் என்ன செய்வான், பாவம்? மனைவி கனகவல்லி இருமி இருமி எலும்பும் தோலுமாகிவிட்டாள். தினம் இரண்டு முட்டை கொடுக்காவிட்டால் பிழைக்கமாட்டாள் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மயிலாப்பூரில், கேசவப் பெருமாள் கோயிலுக்குப் பின்தெருவில், ஐயங்கார் வீட்டில், முட்டை!

முட்டைக்காரக் காதர்தான் வழி சொன்னான். "சுண்ணாம்புத் தண்ணில போட்டு வச்சுக்க சாமி. பத்து நாளானாலும் கெடாது. ஒருத்தனுக்கும் தெரியாது."

கொல்லையில் வெள்ளையடிக்க வைத்திருந்த பானைக்குள் வாரம் இரண்டு டஜன் முட்டை இறங்கியது. சாயங்காலம் அம்மா கோயிலுக்குப் போனதும், இரண்டை உடைத்துப் பாலில் அடித்துக் கொடுப்பான். கனகவல்லி மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பாள். அடுத்த நிமிஷமே முற்றத்தில் வாந்தி! தண்ணீரைக் கொட்டிக் கழுவிவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான்.

போதாக்குறைக்குப் பானையில் முட்டை வேறு கணக்கில் குறைந்தது. பெருச்சாளியோ என்னவோ! யாரிடம் போய்ச் சொல்லி அழ முடியும்?

ஆனாலும் போன வாரம் எடை பார்த்த டாக்டர், "மூணு பவுண்டு ஏறியிருக்கே!" என்றார். எல்லாம் பெருமாள் கிருபை என்று கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

இப்போது அந்தப் பெருமாளும் கைவிட்டுவிட்டார். மூட்டையை முடிச்சுப் போடும் அம்மாவின் விரல்களைப் பார்த்தான். வெற்றிலையே தொடாதவள், நகக்கண்ணெல்லாம் சுண்ணாம்பு! பானைக்குள் கைவிட்டிருக்கிறாள், சந்தேகமே இல்லை.

"அம்மா... நான் சொல்றதைக் கொஞ்சம் கேளேன்..."

"நாழியாச்சு, வழியை விடு" என்று அம்மா விறுவிறுவென்று வாசலுக்கு நடந்தாள்.

முட்டையை நிறுத்தினால் மனைவி பிழைக்கமாட்டாள். நிறுத்தாவிட்டால் பெற்றவள் படியேற மாட்டாள். நாற்பது ரூபாய் குமாஸ்தா, குழந்தை மாதிரி ஜட்காவின் கம்பியைப் பிடித்துக்கொண்டான். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"அம்மா, திரும்பி வரவே மாட்டியா?"

"அசடு! காஞ்சீபுரத்துல கருட சேவை சேவிச்சுட்டு நாலாம் நாள் வந்துடப்போறேன். இதுக்குப் போய்க் கண்ணைக் கசக்குவாளோ?"

வண்டிக்காரன் சாட்டையை எடுத்தான். அம்மா அவனைச் சற்றுப் பொறுக்கச் சொன்னாள். தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, குனிந்து மகன் காதில் கிசுகிசுத்தாள்.

"பானையில இருக்கறதைப் பச்சையாக் குடுக்காதேடா; நான் வர வரைக்கும், என்னாட்டம் வேகவெச்சு மிளகு தூவிக் குடு!"