இரண்டு கொமாவுக்கு நடுவில்

பட்டியலில் மையவாடி ஒழுங்கை வீடுகளைத் தாண்டியதும் ஆண்களெல்லாம் பெண்களாகியிருந்தார்கள்.

பள்ளிவாசல் நிர்வாகி முகைதீன்பாவா மரைக்கார் தன் துண்டுச்சீட்டை மசூரின் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"பெண்சாதி எண்ட இடத்தில என்ட பேரு. மாப்பிளை எண்ட இடத்தில ஏழு. நான் இனி முக்காடு போடணுமாடா?"

நாளை பள்ளியில் கந்தூரி விருந்து. துண்டைக் காட்டினால்தான் வீட்டுக்குச் சோறு. வருடா வருடம் கையால் எழுதுவதை இம்முறை கொம்பியூட்டரில் அடித்துத் தருகிறேன் என்று மசூர்தான் வாக்குக் கொடுத்திருந்தான். அவன் குவைத்திலிருந்து கொண்டுவந்தது. டீவியோடு கொழுவி, கசெட்டில் எழுதி, கசெட்டிலிருந்து வாசிப்பது.

"அசர் தொழுகைக்குள்ள சரியாத் தா. இல்லாட்டி பேனையை எடுக்கிறன்," என்று சொல்லிவிட்டு மரைக்கார் போனார்.

மசூர் அச்சடித்த காகித மடிப்புகளைப் பின்னோக்கிப் புரட்டினான்.

ஒவ்வொரு வரியிலும் மூன்று விசயம். இங்கே வீடு பெண்ணுடையது. ஆகவே முதலில் அவள் பெயர். பிறகு மாப்பிள்ளை. பிறகு எத்தனை பேர். இடையில் கொமா.

ஒழுங்கை வரைக்கும் எல்லாம் சரி.

பிழையான முதல் துண்டு அவனுடைய உடன்பிறந்த ராத்தா ஸுலைஹாவுடையது.

அவள் பக்கத்துக் கதிரையில்தான் இருந்தாள். டைப்பிங் படித்தவள். மூன்று பிள்ளைகளையும் ஓத அனுப்பிவிட்டு, தன் வீட்டிலிருந்து வந்து எல்லா வரிகளையும் அடித்துக் கொடுத்தவள் அவள்தான்.

மரைக்கார் எழுதிக் கொடுத்திருந்த பட்டியல் தாளை மசூர் பார்த்தான். ஸுலைஹாவின் பெயருக்கு நேரே, மாப்பிள்ளையின் இடத்தில், மரைக்காரின் கையெழுத்தில் ஒரே சொல்: மௌத்து. இறந்துவிட்டார்.

அவளுடைய மாப்பிள்ளை அப்துல் ஸமட் மச்சான் போன மாரியில் ஆழ்கடலுக்குப் போனவர். தோணியும் வரவில்லை, மையித்தும் கரையொதுங்கவில்லை. விதவையாக வெள்ளை உடுத்து இத்தா இரு என்று ஊர் சொல்கிறது. ஸுலைஹா இன்னும் பூப்போட்ட சாரிதான் உடுத்துகிறாள்.

அவள் அந்தச் சொல்லை அடிக்கவில்லை. மச்சானின் பெயரை அடித்தால் பள்ளியில் கதை வரும், அதையும் அடிக்கவில்லை. தாண்டிப் போயிருந்தாள்.

இப்போது மசூருக்கு விளங்கியது. கொம்பியூட்டர் வரியைப் பார்ப்பதில்லை. கொமா வரைக்கும் ஒன்று, அடுத்த கொமா வரைக்கும் இன்னொன்று என்று எடுத்துக்கொண்டே போகும். மூன்று கேட்ட இடத்தில் இரண்டுதான் கிடைத்தால், அடுத்த வீட்டுக் கதவைத் தட்டி அங்கிருந்து ஒன்றை எடுத்துவிடும். அடுத்த வீட்டின் பெண்சாதி இங்கே வந்துவிடுவாள். அந்த வீட்டின் மாப்பிள்ளை பெண்சாதியின் இடத்தில் ஏறுவார். அப்படியே கடற்கரை வரைக்கும் ஒவ்வொருவராக நகர்வார்கள்.

ஒரு சொல்லை அடித்தால் எல்லாரும் அவரவர் இடத்துக்குத் திரும்பிவிடுவார்கள்.

அவன் விரல் விசைப்பலகைக்குப் போனது.

"அத அடிக்காத, தம்பி."

"பின்ன என்னத்த அடிக்க, ராத்தா? ஒண்டுமில்லாட்டி இது விடாது."

அவள் சாரித் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு திரையையே பார்த்தாள்.

வெளியே யாரோ சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு போனார்கள். மசூர் தான் சொன்னதையே திரும்ப யோசித்தான்.

ஒன்றுமில்லாததை விடாதா? அது சொல்லையா தேடுகிறது? இல்லை. கொமாவைத்தான் தேடுகிறது. முதல் கொமாவுக்குப் பிறகு உடனே இன்னொரு கொமா வந்தால், நடுவில் உள்ளது வெறுமை என்று எடுத்துக்கொண்டு, அடுத்ததற்குப் போகும். யார் வீட்டிலிருந்தும் எதையும் எடுக்காது. இருக்கிறாரா, இல்லையா என்று கேட்கவும் கேட்காது.

அவளுடைய வரியைத் திரைக்குக் கொண்டுவந்தான். கொமாவுக்குப் பக்கத்தில் இன்னொரு கொமா போட்டான். கசெட்டில் எழுதி, திரும்ப வாசிக்க விட்டான்.

பிரிண்டர் கறகறத்தது. ஒழுங்கை தாண்டியது. றாஹிலா, முகைதீன்பாவா, ஏழு. மரைக்கார் மறுபடி ஆணாகியிருந்தார்.

மசூர் ராத்தாவின் துண்டைக் கிழித்தெடுக்கும்போதுதான் கடைசி எண்ணைக் கவனித்தான். மரைக்காரின் தாளில் நான்கு என்று இருந்தது: அவளும் மூன்று பிள்ளைகளும். அவள் அடித்தது அதுவல்ல. அவன் திரையை நிமிர்ந்து பார்த்தான்.

ஸுலைஹா,,5

மசூர் அந்த எண்ணைத் தொடவில்லை. வரி சரியாக வேலை செய்தது.