அண்ணன் விட்டுப்போன கோடை

‘மே 11. ஒரு தப்பு செய்துவிட்டேன். டயல் போனை ஜன்னல் பக்கம் வைத்தேன். அன்று அது கதவோரம் இருந்தது.’

நோட்டில் எழுதிவிட்டு, அவள் போனை இடம் மாற்றினாள். டேப் ரெக்கார்டரும் கேரம் போர்டும் ஆணியில் மாட்டிய கோடு போட்ட சட்டையும் அண்ணன் போன அந்தக் கோடையில் இருந்தபடியே இருந்தன.

“கண்காட்சி வைக்கப் போறியாம்மா? டிக்கெட் நான் கிழிக்கவா?” என்றாள் மகள்.

“வாயாடாம உன் செல்போனைக் குடு. ஒரு வாரம் பீரோவுலதான் இருக்கும்.”

“இருபத்தஞ்சு வருஷமா எட்டியே பார்க்காத மாமாவுக்கா இவ்வளவு தடபுடல்?”

“அப்ப எனக்கு ஒம்போது வயசு. அழுவேன்னு தினமும் கேரம்ல வேணும்னே தோத்துப் போவான். அந்தக் கோடையோட சரி.”

“அவரு இதைப் பார்த்துச் சிரிக்கப் போறாரு.”

“சிரிச்சா போதும்டி. தெருவே மாறிப்போச்சு. சொந்த வீட்டுலயாவது அவன் வேத்தாள் மாதிரி நிக்கக் கூடாது.”

மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு செல்போனை நீட்டினாள். “அப்படி எந்த ஊர்லதாம்மா இருந்தாரு?”

அவள் அதை வாங்கி உள்ளே வைத்து பீரோவைப் பூட்டினாள். பிறகு நோட்டை எடுத்து எழுதினாள்:

‘நாளை காலை ஏழு மணிக்கு மகளிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். ஒன்பது மணிக்கு அண்ணனை அழைத்துவரச் சிறை வாசலில் நிற்க வேண்டும்.’