நெட்டையன் பாஷை

"ஸ்பானிஷா? அதைப் படிச்சு என்ன கிழிக்கப் போறே?"

மகள் காலேஜில் சேர்ந்த முதல் மாதம் நான் கேட்ட கேள்வி இது. அவள் எடுத்திருந்தது உலகப் பொது சுகாதாரம். சரி, ஆஸ்பத்திரிப் பக்கம் ஏதாவது வேலை கிடைக்கும் என்று பேசாமல் இருந்தேன். கூடவே ஸ்பானிஷும் என்று தெரிந்ததும்தான் எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"நோயாளி பேசுறது புரியலைன்னா எப்படிப்பா வைத்தியம் பார்க்கிறது? இந்த ஊர்லயே அந்தப் பாஷைக்காரங்க எத்தனை பேர் இருக்காங்க தெரியுமா?"

"தெரியும். ஒருத்தனைத் தினமும் பார்க்கிறேன். அதுவே எனக்கு ஜாஸ்தி."

நான் சொன்னது, பட்டறையில் என்னோடு வேலை செய்கிற, ஸ்பானிஷ் மட்டுமே பேசத் தெரிந்த நெட்டையனை.

பிழைக்க வந்த இந்த நாட்டில், சமையலறை மேடைக்குக் கல் அறுக்கும் பட்டறையில் எனக்கு வேலை. எனக்கு அங்கே இருபத்திரண்டு வருட சர்வீஸ். தண்ணீர் ஊற்றி அறுக்கிற மெஷினில் நிற்பேன். நாள் முழுக்கக் கால் ஈரம். பின் ஷெட்டில் கல்லின் ஓரத்தைக் கை மெஷினால் தேய்க்கிற வேலை காலியானது. தண்ணீர் கிடையாது. ஸ்டூலில் உட்கார்ந்தே செய்யலாம். சூப்பர்வைசரிடம் கேட்டேன். கூட்டிப் போய் இடத்தைக் காட்டி, "அடுத்த வாரம் வந்து உட்காருங்க அண்ணே" என்றார்.

மறுநாள் காலை அந்த ஸ்டூலில் நெட்டையன் உட்கார்ந்திருந்தான். வந்து மூன்று வருடம்கூட ஆகாதவன். எங்கள் பேச்சு ஒரு வார்த்தை வராதவன், கையைக் காலை ஆட்டியே வாங்கிவிட்டான்.

அதன் பிறகு என்னைப் பார்க்கும்போதெல்லாம் நெஞ்சில் கை வைத்து இருமிக் காட்டுவான். எனக்கு அப்போதே இருமல் உண்டு. நக்கல் பண்ணுகிறான் என்று முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

"அவன் பாஷை என் வீட்டுக்குள்ள நுழையக் கூடாது. ஒண்ணு அந்தப் பாடத்தை விடு, இல்லே காலேஜையே விடு" என்றேன் மகளிடம்.

"அவ படிப்புக்கும் அவன் ஸ்டூலுக்கும் என்னங்க சம்பந்தம்?" என்றாள் மனைவி.

"சம்பந்தம் இருக்கு."

மகள் பாடத்தை விட்டாள். ஒரு வருடம் கழித்து எனக்குத் தெரியாமல் மறுபடி எடுத்தாள். தெரிந்ததிலிருந்து அவளோடு நான் சரியாகப் பேசுவதில்லை.

நேற்று பட்டறைச் சாப்பாட்டு அறையில் நுரையீரல் பரிசோதனை. என் பெயர் மதியப் பட்டியலில் இருந்தது. சீக்கிரம் முடித்துவிட்டு வேலையைப் பார்க்கலாம் என்று காலையிலேயே போய் பெஞ்சில் உட்கார்ந்தேன். அறையின் நடுவே ஒரு துணித் திரை. அதற்குப் பின்னால் டாக்டர்.

திரைக்குள்ளிருந்து என் மகள் குரல் கேட்டது.

"எனக்கு மாடி ஏறினா மூச்சு வாங்குது, டாக்டர். படுக்க முடியலை."

பதறிப்போய் எழுந்தேன். அங்கிருந்த நர்ஸ் என் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"அந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் இல்லைங்க பெரியவரே. காலேஜ்லேர்ந்து மொழிபெயர்க்க வந்திருக்காங்க. நோயாளி 'நான்'னு சொன்னா அவங்களும் 'நான்'னுதான் சொல்லணும். அது முறை. உள்ளே இருக்கிறது உங்க உயரமான ஆளு."

பரிசோதனைக்கு வரப்போகிறேன் என்று மகள் வீட்டில் சொல்லவில்லை. சொல்கிற மாதிரி நானும் வைத்துக்கொள்ளவில்லை.

"தண்ணியில்லாம தேய்க்கிற வேலை எத்தனை நாளா?" டாக்டர் கேட்டார்.

நெட்டையன் ஏதோ சொன்னான்.

"மூணு வருஷமா" என்றாள் மகள். "நானே கேட்டு வாங்கின இடம்."

"அந்தத் தூசி ஆபத்துன்னு தெரியாதா?"

நெட்டையன் நீளமாகப் பேசினான். மகள் அதை நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"தெரியும். எங்க ஊர்ல என் அண்ணன் இதே தூசியிலதான் போனார். இங்கே ஒரு பெரியவர் அந்த ஸ்டூலைக் கேட்டுட்டு இருந்தார். அவருக்கு ஏற்கெனவே இருமல். எனக்கு நெஞ்சு நல்லா இருந்துச்சு. கொஞ்ச நாள் சமாளிச்சுட்டு வேற வேலை பார்த்துக்கலாம்னு நான் போய் உட்கார்ந்தேன். வேற வேலை கிடைக்கலை. நான் எழுந்தா அவர் வந்து உட்கார்ந்துடுவாரேன்னும் பயம்."

"அவர்கிட்ட சொல்லலையா?"

"சைகையில சொல்லிப் பார்த்தேன். அவருக்குக் கோபம்தான் வந்துச்சு."

திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போக நினைத்தேன். பெஞ்சின் நுனிக்கு நகர்ந்ததோடு சரி.

டாக்டர் எக்ஸ்ரே படத்தை உறையிலிருந்து உருவுகிற சத்தம் கேட்டது. "கல் தூசி படிஞ்சு நுரையீரல் இறுகிப் போயிருக்கு. இது இனி சரியாகாது. போன வருஷமே பார்த்து அந்த இடத்தை விட்டு மாத்தியிருந்தா இவ்வளவு தூரம் போயிருக்காது. போன வருஷமும் இங்கே கேம்ப் நடந்ததே, வரலையா?"

"வந்தேன். என் பேச்சு புரியற ஆள் இல்லைன்னு திருப்பி அனுப்பிட்டாங்க."

டாக்டருக்குக் கோபம் வந்துவிட்டது. மகளையே கேட்டார். "என்னம்மா இது? உங்க காலேஜ் நடத்தின கேம்ப்தானே? ஸ்பானிஷ் தெரிஞ்ச ஒரு ஆள்கூடவா கிடைக்கலை?"

"ஒரு பொண்ணு வரவேண்டியது, டாக்டர். நடுவுல ஒரு வருஷம் அந்தப் பாடத்தை விட்டுட்டா. அதனால அவளை அனுப்பலை."

"விட்டுட்டாளா? எதுக்கு?"

திரைக்கு இந்தப் பக்கம் நான் இருப்பது அவளுக்குத் தெரியாது.

"அந்தப் பொண்ணு நான்தான், டாக்டர்" என்றாள் என் மகள். "சோம்பேறித்தனத்துல விட்டுட்டேன்."